செவ்வாய்க்கிழமை மூன்று மணி

வாழ்க்கையில் ஒரு மிடறு பியர்கூடக் குடித்தவள் அல்ல நான். ஆனால் எந்த மோல்ட்டைப் போட்டால் கறுப்பாக வரும், எதைப் போட்டால் பொன்னிறமாக வரும் என்று இப்போது நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைக்கு வருகிற தாடிக்காரர்களுக்கு அது பெரிய வேடிக்கை. கம்பளிச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு தமிழ் அன்ரி மேசைக்குப் பின்னால் நின்று பியரின் கசப்பைப் பற்றி வகுப்பெடுத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரிக்கட்டும். அந்த நேரமாவது கடையில் ஒரு மனிதச் சத்தம் கேட்கிறது.

கடை மெல்பேர்னில் மல்கிரேவ் என்ற பகுதியில், ஒரு டயர் கடைக்கும் குளியலறை ஓடு விற்கிற இடத்துக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் தாங்களே பியர் காய்ச்சுகிறவர்களுக்கு வேண்டிய சாமான்களை விற்கிறோம். முளைக்கவைத்து உலர்த்திய பார்லி, அதுதான் மோல்ட். கசப்புக்குப் போடுகிற ஹொப்ஸ் பூ. ஈஸ்ட், பிளாஸ்டிக் பீப்பா, போத்தல் மூடி. விற்கிறோம் என்று எழுதிவிட்டேன். இப்போது விற்பது நான் ஒருத்திதான். தொடங்கியவர் என் கணவர்.

அவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் வேலை செய்தார். மாவில் எத்தனை வீதம் ஈரம், சீனி எந்தச் சூட்டில் கருகும் என்று நாள் முழுக்க அளந்து எழுதுகிற வேலை. தொழிற்சாலையை மூடினார்கள். ஐம்பத்தைந்து வயது மனிதருக்கு இந்த ஊரில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? கார்க் கொட்டகைக்குள் பொழுதுபோக்காகப் பியர் காய்ச்சிக்கொண்டிருந்தவர், தான் சாமான் வாங்கப்போகும் கடையின் கிழவர் ஓய்வு பெறப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கடையையே வாங்கிவிட்டார்.

நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. குசினிக் கதவை அடித்துச் சாத்தினேன். இரண்டு நாள் சமைக்கவில்லை.

"பெண் பிள்ளை வளந்து நிக்கிற வீட்டில சாராயக்கடை வைக்கிறீங்களோ? கோயிலுக்குப் போனா ஆர் எங்கட முகத்தைப் பாக்கும்?"

"இது சாராயக்கடை இல்லையப்பா. பார்லி விக்கிறன். பார்லி."

"ஓம், ஊரில கள்ளமாக் கசிப்புச் சாராயம் காய்ச்சினவனும் சீனி வாங்கினன் எண்டுதான் பொலிசுக்குச் சொன்னவன்."

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எனக்கு இன்னும் கோபம் ஏறியது. கோபத்தில் அவர் கத்துகிற ஆள் இல்லை. வாயை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். எங்கள் வீட்டுச் சண்டைகளில் சத்தம் முழுக்க என்னுடையது.

கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம், "இவர் பேக்கரிச் சாமான் கடை வச்சிருக்கிறார்" என்று சொல்லிவைத்தேன். ஒருநாள் பக்கத்தில் நின்றபோது அது அவர் காதிலும் விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியில், "ஈஸ்ட் விக்கிறம்தானே. முழுப்பொய் எண்டு சொல்ல ஏலாது" என்றார். அதோடு விட்டுவிட்டார். கடைக்குச் சாமான் ஏற்றுகிற வான் வண்டியில் நுரை வழிகிற ஒரு பியர்க் கிளாஸ் வரைந்திருந்தது. அந்த வானில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. எங்கள் தெருவில் மூன்று தமிழ் வீடுகள் இருந்தபடியால், அதை வீட்டு வாசலில் விடவேண்டாம், தெரு முனையில் விடுங்கள் என்றேன். அதையும் செய்தார். மழையிலும் தெரு முனையிலிருந்து நடந்து வருவார்.

இரண்டு வருடம் கடை நன்றாக ஓடியது. பிறகு ஒரு குளிர்காலத்தில் கடிதம் ஒன்று வந்தது. பழைய கிழவரின் காலத்திலிருந்து கடைக்கு எல்லாச் சாமானும் அனுப்பிவந்த மொத்த வியாபாரி தொழிலைக் கைவிடுகிறார். பெரிய கொம்பனி ஒன்று அதை வாங்கியிருக்கிறது. இனிமேல் ஒரு தடவைக்கு இருபது பலகைத்தட்டுச் சாமான் எடுக்கிற கடைகளுக்கு மட்டுமே தருவார்களாம். பலகைத்தட்டு என்றால் கிடங்குகளில் மூட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி யந்திரத்தால் தூக்குகிற மரத்தட்டு. எங்கள் கடைக்குள் இரண்டு தட்டு வைத்தாலே ஆள் நிற்க இடமிருக்காது. வேறு மொத்த வியாபாரியைக் கோடை முடிவதற்குள் பிடிக்காவிட்டால் கடையை மூடவேண்டியதுதான்.

அந்த மாதங்களில் அவர் பட்ட பாட்டை நான் தள்ளி நின்றுதான் பார்த்தேன். காலையில் குசினி மேசையில் இருந்து ஒவ்வொருவராகப் போன் எடுப்பார். அதற்கென்று ஒரு குரல் வைத்திருந்தார். சொற்களை மெல்ல மெல்ல, வெள்ளைக்காரர் மாதிரி இழுத்துப் பேசுவார். சிலர் அவர் பெயரைக் கேட்டதுமே ஈமெயில் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். சிலர் படிவம் அனுப்புவார்கள். அந்தப் படிவத்தில், ஏற்கெனவே உங்களுக்குச் சாமான் தருகிற இரண்டு மொத்த வியாபாரிகளின் சாட்சி வேண்டும் என்று இருக்கும். இருந்த ஒரே வியாபாரியும் கடையைக் கட்டிவிட்டுப் போகிறார் என்றுதானே இவர் அலைகிறார்? "கல்யாணம் கட்டின ஆளுக்குத்தான் பொம்பிளை தருவம் எண்டு சொல்லுறாங்களப்பா" என்று ஒருநாள் சொன்னார். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

போனில் ஆகாத இடங்களுக்கு நேரே போனார். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு, வடக்கே மேற்கே என்று கிடங்கு கிடங்காக ஏறி இறங்கினார். மோல்ட் மூட்டையைக் கண்டால் ஒரு பிடி அள்ளி மணந்து, நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். சட்டைப்பையில் சின்னக் கொப்பி ஒன்று எப்போதும் இருக்கும். கடித்தது எப்படி இருந்தது, எவ்வளவு காய்ந்திருந்தது என்று அதில் உடனே எழுதிவிடுவார். ஆய்வுகூடப் பழக்கம். பின்னேரம் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிடும்.

கடைசியில் சிட்னியில் ஒருவர் அகப்பட்டார். நல்ல மோல்ட், நல்ல ஹொப்ஸ், ஈஸ்ட், எல்லாம் ஒரே இடத்தில். சின்னக் கடைகளுக்குத்தான் கொடுப்பாராம். மெல்பேர்னுக்கு லொறியில் அனுப்பியும் வைப்பார். ஒரு பகுதிக்கு ஒரு கடைதான் என்பது அவருடைய சட்டம். மல்கிரேவ் பக்கத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லை. ஆனால் ஆளை நேரே பார்க்காமல் யாரையும் சேர்க்க மாட்டார்.

"நீரும் வாருமன்," என்றார் இவர் என்னிடம். "செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவரைச் சந்திக்கிறன். அண்டு காலமை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போட்டுப் போவம்."

ஹெலன்ஸ்பர்க் என்றதும் நான் ஓம் என்றேன். சிட்னிக்குத் தெற்கே இருக்கிற அந்தப் பெருமாளிடம் போய்ப் பல வருடமாகியிருந்தது. கடை அலுவலுக்காக அவரோடு வெளிக்கிட்டது அதுதான் முதல் தடவை. வானில் வரமாட்டேன், மகளின் காரில்தான் வருவேன் என்றேன். மகளிடம் காரைக் கேட்டு வாங்கினார். என்னைக் கூட்டிக்கொண்டு போகிற சந்தோசத்தில் காரைக் கழுவிக்கூட வைத்திருந்தார்.

திங்கட்கிழமை முழுதும் ஓடி, சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் என் சின்னம்மாவின் மகள் வீட்டில் தங்கினோம். செவ்வாய்க் காலை ஹெலன்ஸ்பர்க் போனோம். கோடை தொடங்கியிருந்தது. காட்டு மரங்களுக்குள் சில்வண்டு காது கிழியக் கத்தியது. கிழமைநாள் என்பதால் கூட்டமில்லை. மத்தியானப் பூசை பார்த்தோம். அவர் கடவுள் நம்பிக்கை பெரிதாக உள்ளவர் அல்ல. ஆனாலும் அன்று கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். நான் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைக் கார் நிறுத்துகிற இடத்தில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, திரும்பவும் கோயில் வாசலில் வந்து உட்கார்ந்தோம்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் எழும்பினார். "வெளிக்கிடுவமா? அங்க போக ஒரு மணித்தியாலம் எடுக்கும். மூண்டு மணிக்கு வாறன் எண்டு சொன்னனான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை நேரம் என்னவென்று நான் கேட்டதே இல்லை.

"மூண்டு மணிக்கோ? உங்களுக்கென்ன விசரோ? செவ்வாய்க்கிழமை மூண்டு தொடக்கம் நாலரை ராகுகாலம் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நல்ல காரியத்துக்கு வந்திட்டு, பெருமாளைக் கும்பிட்டுட்டு, நேர ராகுகாலத்துக்குள்ள போய் இறங்கவோ?"

"இல்லையப்பா, இஞ்ச பாரும், இந்த நாட்டில..." என்று தொடங்கினார். கை சட்டைப்பைக்குப் போனது. கொப்பியைப் பாதி வெளியே இழுத்தார்.

நான் விடவில்லை. "கோயில் வாசல்ல நிண்டு எனக்குச் சாத்திரம் படிப்பிக்காதேங்கோ. நீங்கள் கும்பிட்ட கும்பிடு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கே நேரம் பாக்கத் தெரியாத ஆக்கள் உங்கட வீட்டுக்காரர்!"

பக்கத்தில் காலணி கழற்றிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. தமிழ்நாட்டு ஆட்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பெண் தன் கணவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். என் கணவரின் முகம் சிவந்துபோயிற்று. கொப்பியைத் திரும்பப் பைக்குள் தள்ளிவிட்டார்.

"பிந்தினா அந்தாள் என்ன நினைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்டரை மணித்தியாலம் பிந்தினா விழுங்கிப்போடுவாரோ? போன் எடுத்துச் சொல்லுங்கோ, வழியில தாமதம் எண்டு."

கார் நிறுத்துமிடத்தின் கோடிக்குப் போய்ப் போன் எடுத்தார். யாரும் எடுக்கவில்லை, பதிவு யந்திரத்தில் சொல்லிவிட்டேன் என்றார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வென்றுவிட்ட தெம்பில் சஷ்டி கவசம் முணுமுணுத்தேன். பெருமாள் கோயிலில் இருந்து முருகன் பாட்டு! இப்போது நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நாலரை தாண்டிப் போய் இறங்குகிற மாதிரிக் கணக்குப் பார்த்து வெளிக்கிட்டோம். கிடங்கு சிட்னிக்குத் தென்மேற்கே ஒரு தொழிற்பேட்டையில் இருந்தது. போய்ச் சேர நாலே முக்கால். உருட்டுக் கதவு இறக்கிப் பூட்டியிருந்தது. முன்னால் ஒரு வாகனமும் இல்லை. இந்த நாட்டில் கிடங்குகள் காலை ஏழு மணிக்கே திறந்து நாலு மணிக்குப் பூட்டுகிறவை என்பது எனக்கு எங்கே தெரியும்? அவருக்குத் தெரியும். கதவைத் தட்டினார். பக்கக் கதவுக்குப் போய்த் தட்டினார். நான் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துப்பட்டியோடு அந்தப் பெரிய தகரக் கதவுக்கு முன்னால் நின்று, திறக்கமாட்டாது என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை தட்டினார்.

அடுத்த நாள் காலை போன் எடுத்தபோது அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினாராம். தொடங்குவதற்கு முன்னமே சொன்ன நேரத்துக்கு வராதவரோடு எனக்குச் சரிவராது, மல்கிரேவ் பக்கத்துக்கு வேறொரு கடையும் கேட்டிருந்தது, அவர்களையே எடுக்கிறேன் என்றாராம்.

மெல்பேர்னுக்குத் திரும்பி வரும் வழி முழுக்க நான்தான் பேசினேன். "ராகுகாலத்தில போய்க் கையெழுத்து வச்சிருந்தா இதைவிட மோசமா முடிஞ்சிருக்கும். பெருமாள் தடுத்திட்டார் எண்டு நினையுங்கோ." அவர் "ம்" என்றார். பாதி வழியில் கன்டகை என்ற ஊரில் நிறுத்தி எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். சீனி கலக்கிய பிறகுதான் கையில் தந்தார். கோபம் என்றால் முகத்தைத் திருப்பியிருக்கலாம், ஏசியிருக்கலாம்.

கோடை முடிகிற கட்டத்தில் ஒரு வழி கிடைத்தது. வடமேற்கே மூன்று மணிநேர ஓட்டத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே, சின்ன ஆலை ஒன்றில் மோல்ட் செய்தார்கள். எத்தனை மூட்டை கேட்டாலும் தருவார்கள், ஆனால் அனுப்பமாட்டார்கள், வந்துதான் ஏற்றவேண்டும். அவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை விடியப் போய்ப் பின்னேரம் வருவார். ஒரு மூட்டை இருபத்தைந்து கிலோ. அங்கே ஏற்றுவதும் அவர், இங்கே இறக்குவதும் அவர். தோள்பட்டை நோகிறது என்பார். சித்தாலேபம் பூசிவிடுவேன். பூசும்போதுகூட, "நான் வேண்டாம் வேண்டாம் எண்டு சொன்ன கடை" என்று முணுமுணுக்காமல் விட்டதில்லை.

ஒருவருடத்துக்கு மேல் அப்படி ஓடினார். அடுத்த குளிர்காலத்தில் ஒரு பகல், கடையின் பின்னறையில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். வாடிக்கையாளர் ஒருவர்தான் கண்டு அம்புலன்ஸுக்கு அடித்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முடிந்துவிட்டது. இதயக் குழாய்கள் எப்போதோ அடைத்துப்போயிருந்தன, எந்த நேரமும் நடந்திருக்கக்கூடியது என்று டொக்டர் விளக்கினார். மகளும் அதையே பிடித்துக்கொண்டாள். "அம்மா, இட்ஸ் நோபடிஸ் ஃபோல்ட். ப்ளீஸ், டோன்ட் ஸ்டார்ட்" என்றாள். நான் எதுவும் தொடங்கவில்லை. தோள்பட்டை நோகிறது என்று அவர் சொன்ன ஒவ்வொரு நாளும் வரிசையாக வந்து எனக்கு முன்னால் நின்றது. அவ்வளவுதான்.

செத்தவீட்டுக்கு எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். மண்டபத்தின் பின்வரிசையில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள், தாடியும் பொருந்தாத கோட்டுமாக, தலை குனிந்து நின்றார்கள். ஒரு பெரிய மனிதர் சிறுபிள்ளை போல விம்மினார். கோயிலில் பழக்கமான ஒரு அன்ரி என் காதருகே குனிந்து கேட்டார்:

"உவையெல்லாம் ஆர் பிள்ளை?"

"கேக் போடுறவை அன்ரி," என்றேன். "இவரிட்டத்தான் சாமான் வாங்கிறவை."

அவரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னேன். முழுப்பொய் இல்லை என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லை.

அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கடை பூட்டிக் கிடந்தது. முப்பத்தோராம் நாள் கழிந்தபின், மகள் அதை விற்றுவிடலாம் என்றாள். நான் கடைப் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு போனேன். கடை வானைத்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பியர்க் கிளாஸ் வரைந்த அந்த வானை எங்கள் தெருவின் நடுவால் ஓட்டினேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கடைக் கதவடியில் யாரோ தாங்கள் காய்ச்சிய பியர்ப் போத்தல்களை வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றில் அவர் பெயரைத் தப்புத் தப்பாக எழுதி ஒட்டியிருந்தது. நான் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். டயர் கடைக்காரர் ஓடிவந்து தண்ணீர் தந்தார்.

கடையை மூட எனக்கு மனம் வரவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது அதற்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இனி அதையாவது உயிரோடு வைத்திருக்கவேண்டும் என்று ஒரு வெறி பிடித்தது. பின்னறையில் ஆறு மூட்டை மோல்ட் மிச்சமிருந்தது. மாதக் கடைசிக்கு அதுவும் முடிந்துவிடும். மூன்று மணிநேரம் ஓட்டிப் போய் மூட்டை தூக்க என் முதுகால் ஏலாது. அனுப்பிவைக்கிற வியாபாரி ஒருவர் கிடைக்காவிட்டால் முடிந்தது கதை.

மேசைக்குப் பின்னால் சுவரில் அவர் குத்திவைத்த விலாச அட்டைகள் இருந்தன. ஆகாமல் போன வியாபாரிகளின் அட்டைகளில் எல்லாம் குறுக்காகக் கோடு கீறியிருந்தார். சிட்னிக்காரரின் அட்டையில் மட்டும் கோடு இல்லை. நான் அந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். இழுத்துப் பேச எனக்கு வராது. என் ஆங்கிலத்தில் நேரே சொன்னேன்: என் கணவர் இரண்டு கோடைக்கு முன் உங்களைச் சந்திக்க வந்து பிந்திப்போனவர். அவர் இறந்துவிட்டார். கடையை இப்போது நான் நடத்துகிறேன். எனக்குச் சாமான் தருவீர்களா?

 அவர், "மூன்று மணிக்காரரா?" என்று கேட்டார். மிகவும் வருந்துகிறேன் என்றார். மல்கிரேவ் பக்கம் எடுத்த கடை ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, இடம் காலியாகத்தான் இருக்கிறது, உங்களுக்கு வேண்டியதை எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்றார். நான் நன்றி சொல்லி வைக்கப்போனேன். அவர்தான் விடவில்லை.

"ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்கு நான் அவருக்கு முதலில் கொடுத்த நேரம் நாலரை. லொறி ஒன்று வர இருந்தது, அதனால் ஆறு மணிவரை நிற்பதாக இருந்தேன். நேரம் குறித்த மறுநாளே அவர் போன் எடுத்து, மூன்று மணிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் உங்களுக்கு ஏதோ கூடாத நேரம் இருக்கிறதாம். நாலேகாலுக்குத்தான் தொடங்குமாம், மனைவியும் வருகிறார் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. அவருக்காக லொறியையும் மறுநாள் காலைக்கு மாற்றினேன். அதனால்தான் அவர் வராமல் விட்டதும் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. நாலு மணிக்குப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன். பதிவு யந்திரத்தில் அவர் விட்ட செய்தியை அடுத்த நாள்தான் கேட்டேன். அப்படிக் கோபப்பட்டிருக்கக்கூடாது."

நாலேகாலா? இந்த மனிதர் மாறி நினைவு வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் எண்ணினேன். ராகுகாலம் மூன்று மணிக்கல்லவா தொடங்கும்?

சிட்னிக்காரருக்கு எழுதி அனுப்ப, எந்த மோல்ட் எத்தனை மூட்டை என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது அவருடைய கொப்பியில்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் அவருடைய கண்ணாடி, இடுப்புப்பட்டியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்த கொப்பி அது. அவர் எழுத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அலுமாரிக்குள் வைத்திருந்தேன். அன்று வீட்டுக்குப் போய் எடுத்துக் குசினி மேசையில் வைத்து விரித்தேன். பக்கம் பக்கமாக மோல்ட் கணக்கு. நடுவில் ஒரு பக்கத்தில் மோல்ட் இல்லை. அவருடைய சின்ன எழுத்தில் இப்படி இருந்தது:

சிட்னி, செவ்வாய். சூரிய உதயம் 5.40. அஸ்தமனம் 7.50. எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 1 மணி 46 நிமிடம். ஏழாம் பங்கு 4.16 முதல் 6.02 வரை. 4.30 கூடாது. 3.00 கேட்க.

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. பகலை எட்டாகப் பிரித்துச் செவ்வாய்க்கு ஏழாம் பங்கை எடுப்பதுதான் ராகுகாலம். ஊரில் ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருளுகிறபடியால் அது மூன்றுக்குத் தொடங்கும். சிட்னிக் கோடையில் பகல் நீளம். போதாக்குறைக்கு மணிக்கூட்டையும் ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள். மெல்பேர்ன் கோயில் தருகிற கலண்டரில்கூட இந்த ஊர் நேரம் போட்டிருக்கிறது. அது என் குசினிச் சுவரிலேயே தொங்கியது. நான் ஒருநாளும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. எனக்குத் தெரியாத ராகுகாலமா என்ற திமிர்.

ராகுவையும் கேதுவையும் நம்பாத மனிதர், எனக்காக இருந்து கணக்குப் பார்த்து நல்ல நேரம் கேட்டு வாங்கியிருக்கிறார். நான் அவரைக் கோயில் வாசலில் பிடித்து உட்காரவைத்து, நாலரை தாண்டிய பிறகு, சரியாக ராகுகாலத்துக்குள் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகும் ஒருவருடத்துக்கு மேல் பக்கத்தில் இருந்தாரே, ஒருநாளாவது இதை எடுத்து என் முகத்தில் எறிந்திருக்கலாமே! ஏன் சொல்லவில்லை என்று அந்த மேசையில் இருந்து வாய்விட்டுக் கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். எனக்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும்?

அந்தக் கணக்குக்குக் கீழே, மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இன்னும் ஒரு வரி இருந்தது. 'அவவும் வாறா' என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார்.

அன்று கோயில் வாசலில் சட்டைப்பையிலிருந்து அவர் பாதி இழுத்துத் திரும்ப உள்ளே தள்ளியது இந்தக் கொப்பியைத்தான். அதை நான் பார்த்தேன். என்ன என்று கேட்கவில்லை.